ஃபினிஷ் லைனுக்கு அப்புறம் 13 மீட்டர்: ஒரு இன்டோர் மீட்ல நடந்த விபத்து, முழு விவரம்

குமரி மாவட்டத்துல நாங்க சில பேர் சேர்ந்து நடத்துன ஒரு உள்ளரங்கு தடகளப் போட்டியில 15 வயசுப் பையன் ஒருத்தனுக்கு வலது கை முறிஞ்சுது. ரேஸ்ல ஜெயிச்ச பையன். லைன தாண்டி ஒன்றரை விநாடிக்குள்ள நடந்த விஷயம், ஆனா அதுக்கான வழிய நாங்க பத்து நாளா பாத்துப் பாத்து போட்டு வச்சிருந்தோம்னு அப்புறம் உக்காந்து யோசிச்சப்பதான் தெரிஞ்சுது. மழைக்காலத்துல ஹாலுக்குள்ள மீட் வைக்கலாம்னு இப்ப நெறைய பேர் நினைக்கிறாங்க, அவங்களுக்கு உதவும்னுதான் இத எழுதுறேன். யாரு பேரும் போடல, பையன் வீட்டுல கேட்டுட்டுதான் எழுதுறேன். அன்னிக்கு டெக்னிக்கல் பொறுப்புல இருந்த ரெண்டு பேர்ல நான் ஒருத்தன்.

ஏன் ஹாலுக்குள்ள போனோம்

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு. ஜூன்ல தொடங்குற தென்மேற்கும் பெய்யும், ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கும் பெய்யும். வெளில இருக்க கிரவுண்ட் பெரும்பாலும் செம்மண், ஒரு ராத்திரி நல்லா அடிச்சா போதும், காலைல சுண்ணாம்புக் கோடும் இருக்காது, கோடு போட்ட எடமும் இருக்காது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி நாலு மாவட்டத்துப் பிள்ளைங்களயும் கூப்பிட்டு 14 வயசுக்குக் கீழ, 16 வயசுக்குக் கீழன்னு ஒரு சின்ன மீட் வைக்கணும்னு திட்டம், ரெண்டு தடவ தேதி குறிச்சோம், ரெண்டு தடவையும் கிரவுண்ட் குளம் ஆயிட்டு. மூணாவது தடவ ஒரு அண்ணாச்சி, பழைய ஓட்டக்காரர், எங்களுக்கெல்லாம் மூத்தவர், "லே மக்கா, மழை நிக்கும்னு பாத்துக்கிட்டிருந்தா பிள்ளைங்களுக்கு வயசு போயிரும், ஹாலுக்குள்ள வைப்போம்"னு சொன்னாரு. அவர் சொன்னதுல தப்பே இல்ல, இப்பவும் அதுதான் என் நினைப்பு.

இன்டோர் தடகளம்னா என்னன்னு எங்க பிள்ளைங்களுக்கு டிவி, மொபைல் வழியாதான் தெரியும். 2023 பிப்ரவரில அஸ்தானால நடந்த ஆசிய உள்ளரங்குப் போட்டில நீளம் தாண்டுதல்ல ஜெஸ்வின் ஆல்ட்ரின் 7.97 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்குனாரு, அவர் பக்கத்து மாவட்டம் முதலூர்க்காரர்ங்கிறதால அந்த வீடியோ எங்க குரூப்ல எல்லார் கைலயும் சுத்துச்சு. 200 மீட்டர் வட்டம், வளைவுல சாய்வு, நடுவுல நேர்க்கோட்டுல 60 மீட்டர் ஓட்டம், இதெல்லாம் முறையான இன்டோர் டிராக். நம்ம நாட்டுல அப்பிடி ஒண்ணு வேணும்னா புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியம் மாதிரி எடத்துக்குப் போகணும். நாங்க செஞ்சது கூரைக்குக் கீழ ஒரு நேர்க்கோட்டு ஓட்டம், ஹைஜம்ப், நின்ன எடத்துல இருந்து தாண்டுற பிராட் ஜம்ப், ஒரு ஷட்டில் ரிலே. அவ்வளவுதான். தரை கெட்டுப்போவும்னு குண்டு எறிதல விட்டுட்டோம்.

ஹால்

ஒரு தனியார் நிறுவனத்தோட பெரிய ஹால், வாடகைக்கு எடுத்தோம். மேற்குப் பக்கம் ஸ்டேஜ், கான்கிரீட், நாலடி உயரம், முன் விளிம்பு கூரா இருக்கும். கிழக்குப் பக்கம் பெரிய ஷட்டர், அத தூக்குனா வெளில ஒரு போர்ட்டிகோ, காரு வந்து நிக்கிற மாதிரி கூரை போட்டது, சுமார் 9 மீட்டர். தரை வழவழப்பான டைல்ஸ்.

ஹால் 70 மீட்டர்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நானும் இன்னொருத்தரும் ஸ்டீல் டேப் கொண்டு போயி உள்ள அளந்தோம், ஸ்டேஜ் விளிம்புல இருந்து ஷட்டர் வரைக்கும் 66 தான் வந்துது. 70ங்கிறது ஸ்டேஜையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்ன கணக்கு. நேர்ல போயி அளந்தது நாங்க சரியா செஞ்ச மொத விஷயம்.

60ஆ 50ஆ

இன்டோர் நேர்க்கோட்டு ஓட்டத்துக்கு ஸ்டார்ட் லைனுக்குப் பின்னால கொறஞ்சது 3 மீட்டர், ஃபினிஷ் லைனுக்கு அங்கிட்டு கொறஞ்சது 10 மீட்டர் எந்தத் தடையும் இல்லாம இருக்கணும், 15 இருந்தா நல்லதுன்னு உலகத் தடகள விதில இருக்கு. அந்த 10 மீட்டருக்கு அப்புறமும் ஓடுறவன் அடிபடாம நிக்கிறதுக்கு ஏற்பாடு இருக்கணும்னும் அதே விதி சொல்லுது. கமிட்டில பாதிப் பேருக்கு 60 மீட்டர் வைக்கணும்னு ஆசை, ஏன்னா அதுதான் இன்டோர் ஓட்டம், பிள்ளைங்களுக்கு "நான் 60 ஓடுனேன்"னு ஒரு பெருமை இருக்கும், கிறிஸ்டியன் கோல்மன் 2018ல ஓடுன 6.34 உலக சாதனையோட நம்ம டைமையும் வச்சுப் பாக்கலாம். அந்த ஆசை எனக்கும் இருந்துது. ஆனா 66ல முன்னால 3, ஓட்டம் 60 போனா பின்னால மிச்சம் 3 மீட்டர். இது நடக்காதுன்னு நாங்க ரெண்டு பேரும் ஒத்தக்கால்ல நின்னோம், ரெண்டு நாள் பேசி கடைசில 50க்கு ஒத்துக்கிட்டாங்க. 3, 50, 13.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். 50க்கு கொறச்சதுல எனக்கு ஒரு பெரிய நிம்மதி வந்துது, சண்டை போட்டு வாங்கினதால அந்த 13 மீட்டர் பத்தி அதுக்கு மேல நான் யோசிக்கவே இல்ல. ஓட்டத்தக் கொறச்சா வேகமும் கொறையும்னு மனசுல ஒரு தப்புக் கணக்கு. உண்மைல பள்ளிக்கூடப் பிள்ளைங்க 30, 40 மீட்டர்லயே உச்ச வேகத்துக்கு வந்துருவாங்க, 50ல லைன தாண்டும்போது முழு வேகத்துலதான் இருப்பாங்க. நல்லா ஓடுற 15 வயசுப் பையன் விநாடிக்கு எட்டரை மீட்டர் போவான். 13 மீட்டர்ங்கிறது அவனுக்கு ஒன்றரை விநாடி. நெஞ்ச முன்னால கொடுத்து லைன தொட்டு நிமிர்றதுக்கே அரை விநாடி போயிரும், மிச்சம் இருக்க ஒன்பது மீட்டர்ல வழவழ டைல்ஸ்ல நிக்கணும்.

எந்தப் பக்கமா ஓடுறது

ரெண்டு வழி இருந்துது. ஷட்டரப் பாத்து ஓடலாம், ஷட்டரத் தூக்கிட்டா 13 கூட போர்ட்டிகோ 9, மொத்தம் 22 மீட்டர் கிடைக்கும். இல்ல ஸ்டேஜப் பாத்து ஓடலாம். நாங்க ஸ்டேஜப் பாத்து ஓட விட்டோம். காரணம் ரெண்டு. மழை கிழக்க இருந்து வீசி அடிச்சா ஷட்டர் வழியா தண்ணி உள்ள வரும், அது நியாயமான பயம். ரெண்டாவது, விருந்தினர் நாற்காலி, மைக், ரிசல்ட் எழுதுற மேசை எல்லாம் ஸ்டேஜ்ல, முடிவு அங்கேருந்து பாத்தா நல்லாத் தெரியும். இந்த ரெண்டாவது காரணத்த யாரும் வாய் விட்டுப் பெருசா சொல்லல, ஆனா எல்லார் மனசுலயும் அதுதான் இருந்துது, என் மனசுலயும்.

ஸ்டேஜ் விளிம்ப மறைக்க ஹைஜம்ப் பெட்ட, அதாவது தாண்டி வந்து விழுற தடி மெத்தைய, எடுத்தோம். ரெண்டு பீஸ், நிறுத்தி வச்சா சேர்ந்து 5 மீட்டர் வரும், ஓடுற பாதை, அதான் லேன், நாலும் சேர்ந்து 4.88 மீட்டர், சரியா மறையும். ஸ்டேஜ் தூண்ல கயிறு போட்டு இறுக்கிக் கட்டினோம். 50 மீட்டர் ஓட்டம் எல்லாம் 11 மணிக்குள்ள முடிஞ்சிரும், அப்புறம் அவுத்து ஹைஜம்ப்புக்குக் கொண்டு போயிரலாம்னு பிளான். பேப்பர்ல அழகா இருந்துது, ஒரே பெட்டுக்கு ரெண்டு வேலை.

அன்னிக்கு காலைல

வெள்ளனே இருந்தே மழை. பிள்ளைங்க நனைஞ்ச காலோட உள்ள வந்தாங்க, வாசல்ல ரெண்டு சாக்கு போட்டிருந்தோம், ஒரு மணி நேரத்துல சாக்கே தண்ணி குடிச்சு ஊறிட்டு. தென்காசி பக்கத்துல இருந்து வர வேண்டிய வேன் முக்கால் மணி நேரம் லேட், அவங்களுக்காக ஹீட்ஸ, ஃபைனலுக்கு ஆள் எடுக்குற மொத சுற்று ஓட்டங்கள, தள்ளி வச்சோம். துப்பாக்கி ஹாலுக்குள்ள காத அடைக்கும்னு மர கிளாப்பர்ல ஸ்டார்ட் கொடுத்தோம். டைல்ஸ்ல ஸ்பைக்ஸ் கூடாதுன்னு முன்னாடியே சொல்லியாச்சு, பாதிப் பேர் சாதா ஷூ, பாதிப் பேர் வெறுங்கால். ஹீட்ஸ்ல நாலஞ்சு பிள்ளைங்க பெட்ல போயி மோதி சிரிச்சிக்கிட்டே திரும்புனாங்க. நான் ஃபினிஷ்ல வாட்சோட நின்னு அத பாத்துக்கிட்டுதான் இருந்தேன், பெட் நல்லா வேலை செய்யுதேன்னு நினைச்சேன். நாலஞ்சு பேருக்கு 13 மீட்டர் பத்தலங்கிற எச்சரிக்கை அதுன்னு அப்போ எனக்குப் படல. பெட் இல்லாம இருந்தா இவங்க எங்க போயிருப்பாங்கன்னு ஒரு நிமிஷம் கேட்டிருந்தா போதும்.

11 மணி ஆச்சு, 11.20 ஆச்சு. 16 வயசு பசங்க ஃபைனல், பொம்பளப் பிள்ளைங்க ஃபைனல், ரெண்டு ரேஸ் பாக்கி. ஹைஜம்ப் ஜட்ஜுங்க ஸ்டாண்ட் எல்லாம் நட்டு வச்சிட்டு காத்துக்கிட்டிருந்தாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு ஹால ஒப்படைக்கணும். பெட்ட எடுத்துக்கலாமான்னு வந்து கேட்டாங்க. யார்ட்ட கேட்டாங்க, யாரு சரின்னு சொன்னாங்கன்னு பிறகு பல தடவ பேசிப் பாத்தோம், ஒருத்தர் பேரு வரல. "ரெண்டே ரேஸ்தான"ங்கிற வார்த்தை மட்டும் எல்லார் ஞாபகத்துலயும் இருக்கு. கயிறு அவுக்குறத நான் பாத்தேன். "அந்தச் சின்ன மேட்டையாவது கட்டுங்கப்பா"ன்னு சொன்னேன், அவங்க ரெண்டு ஜிம் மேட் கொண்டு வந்து ஸ்டேஜ் மேல இருந்து தொங்க விட்டாங்க, ஒரு லேன் அகலத்துக்குத்தான் மறைஞ்சுது. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

அதே நேரம் வெளில மழை விட்டிருந்துது. ஷட்டர் பக்கம் திரும்பி யாரும் பாக்கல.

அந்த ரேஸ்

பையன் மூணாவது லேன். மலையோரத்துல இருந்து வந்தவன், அம்மா ரப்பர் தோட்டத்துல பால்வெட்டுற வேலை. வெறுங்கால். ஃபைனல்ங்கிறதால ஓரத்துல இருந்த பெற்றோர் கொஞ்சப் பேர் மொபைலோட ஸ்டேஜ் முன்னால வந்து நின்னுட்டாங்க, லேனுக்கு நேரா இல்ல, ஆனா நாலாவது லேன் ஓரத்துல. கிளாப்பர் அடிச்சுது, நல்ல ஸ்டார்ட். என் வாட்ச்ல 6.6. பக்கத்துல இருந்தவர் வாட்ச்லயும் 6.6.

லைன தாண்டி நிமிர்ந்தவன் எதிர்ல பெட்ட எதிர்பாத்திருக்கான், ஹீட்ஸ்ல அவன் பெட்லதான் போயி நின்னான். இப்போ பெட் இல்ல. மேட் தொங்குறது ரெண்டாவது லேன்ல, வலது பக்கம் ஆளுங்க. இடது பக்கமா, மேட்டப் பாத்து ஒடிச்சான், அங்க தரைல ஈரம், கால் வழுக்குச்சு, விழுற வேகத்துல வலது கைய முன்னால ஊனிக்கிட்டே போயி ஸ்டேஜ் விளிம்புல இடிச்சான். சத்தம் பெருசா ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் ஹால்ல சத்தமே இல்ல.

அடுத்த அரை மணி நேரம்

மணிக்கட்டுக்கு கொஞ்சம் மேல கை கரண்டி மாதிரி வளைஞ்சு இருந்துது. பையன் அழல, முகம் வெளுத்து வேர்த்துட்டு, "சார் தலைல படல, கைதான்"னு அவனே சொன்னான். உக்கார வைக்காம படுக்க வச்சோம், விரல்ல உணர்ச்சி இருக்கா, அசைக்க முடியுதான்னு பாத்தோம், இருந்துது. செஸ்ட் நம்பர் வந்த அட்டைப் பெட்டியக் கிழிச்சு மடிச்சு, கை இருந்த வாக்குலயே வச்சு, ரெண்டு தோர்த்து போட்டுக் கட்டினோம். நேராக்கப் பாக்கல. 108க்கு போன் போட்டாச்சு.

அந்த நேரத்துல ஒரு பெரியவர் ஆசான்ட்ட கொண்டு போவோம், எண்ணை போட்டு கட்டுனா மூணு வாரத்துல சரியாவும்னு சொன்னாரு. நம்ம ஊர்ல வர்மமும் எலும்பு வைத்தியமும் தலைமுறை தலைமுறையா உள்ளது, அவர் நல்லதுக்குத்தான் சொன்னாரு, ஏளனமா நினைக்கக் கூடாது. ஆனா 15 வயசு, எலும்பு இன்னும் வளர்ற வயசு, மணிக்கட்டுப் பக்கத்துல வளர்ச்சி நடக்குற எடம் இருக்கு, அங்க அடிபட்டிருந்தா எக்ஸ்ரே இல்லாம தெரியாது. அதனால மொதல்ல ஆஸ்பத்திரின்னு உறுதியா சொன்னோம். ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, கமிட்டில ஒருத்தர் கூடவே ஏறுனாரு, நான் அம்மாவுக்கு போன் பண்ணேன். அந்த போன் பண்றதுக்கு முன்னால ரெண்டு தடவ நம்பர தப்பா அமுக்குனேன். அவங்க மொதல்ல கேட்டது, "சாரே, எந்தக் கை?" வலதுன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. பையன் பத்தாம் கிளாஸ்.

மீட்ட நிறுத்துறதா வேண்டாமா

ஓட்டம் எல்லாம் நிறுத்துறதுன்னு உடனே முடிவு பண்ணோம். ஹைஜம்ப்ப ஒரு மணிக்கு மேல தொடங்கவும் சொன்னோம், அதுல ஆபத்து ஒண்ணும் மாறல. ஆனா 16 வயசு பிள்ளைங்க ஃபைனல் பாக்கி. அவங்க கோச் ஒரு அக்கா, நேரா எங்கிட்ட வந்தாங்க. "சார், பையனுக்கு நடந்தது எனக்கும் வேதனதான். ஆனா பொம்பளப் பிள்ளைங்களுக்கு மட்டும் ஃபைனல் இல்லன்னா எப்பிடி? எப்பவும் கடைசில வச்சு, கடைசில இல்லன்னு சொல்லுவீங்க." அவங்க சொன்னது சரி. எந்த மீட்ட எடுத்துப் பாத்தாலும் நேரம் பத்தாம போனா வெட்டுப்படுறது பிள்ளைங்க ரேஸ்தான்.

அப்போதான் ஹால் மேனேஜர், ஓட்டம் பத்தி ஒண்ணும் தெரியாதவர், ஷட்டரத் தூக்கிட்டு அந்தப் பக்கமா ஓடுனா என்னன்னு கேட்டாரு. வெளில வெயில் அடிச்சுக்கிட்டிருந்துது. ஸ்டார்ட்ட ஸ்டேஜ் பக்கம் மாத்தி, மறுபடி டேப் போட்டு அளந்து, தரையத் தொடச்சு, போர்ட்டிகோல ஈரமா இருந்த எடத்துல பக்கத்துக் கடைல இருந்து கயிறு மிதியடி வாங்கிட்டு வந்து விரிச்சு, ஆளுங்கள எல்லாம் ஸ்டேஜ் பக்கம் அனுப்பி, ரெண்டரை மணிக்கு அந்த ஃபைனல ஓட விட்டோம். நாலு பிள்ளைங்களும் ஷட்டரத் தாண்டி வெளில போயி பைய நின்னாங்க. இத மாத்துறதுக்கு மொத்தம் முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. காலைல 11.20க்கு எங்ககிட்ட இல்லாதது அந்த முப்பத்தஞ்சு நிமிஷம் இல்ல, கேக்குறதுக்கு ஒரு ஆள்.

பையனுக்கு

ரேடியஸ் எலும்பு முறிவு, மயக்க மருந்து கொடுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டாங்க. தலைல ஒண்ணும் இல்லன்னு ஒரு நாள் வச்சிருந்து பாத்துட்டு அனுப்புனாங்க. ஆறு வாரம் கட்டு. அரையாண்டுப் பரீட்சைய இன்னொரு பையன் வச்சு எழுத ஸ்கூல்ல அனுமதி வாங்கினோம், மார்ச் பொதுத்தேர்வுக்கு அவனே எழுதுனான், கை வலிக்கும்போது நிறுத்தி நிறுத்தி எழுதுனேன்னு சொன்னான். அந்த சீசன்ல மிச்சம் இருந்த எல்லா ஓட்டமும் போச்சு.

செலவு பத்தியும் சொல்லணும். நாங்க இன்சூரன்ஸ் எடுக்கல. அரசு ஆஸ்பத்திரிங்கிறதால வைத்தியத்துக்கு காசு இல்ல, ஆனா அம்மா பன்னெண்டு நாள் பால்வெட்டுக்குப் போகல, அது தினக்கூலி. கமிட்டில பிரிச்சு அந்தக் கூலியும் வண்டிக் காசும் கொடுத்தோம். கொடுக்கும்போது அவங்க வாங்க யோசிச்சாங்க, இது உதவி இல்ல, எங்க கடன்னு சொன்ன பிறகுதான் வாங்குனாங்க.

எங்க தப்பு நடந்துது

தரை ஈரம், ஆளுங்க நின்னது, வெறுங்கால், இதெல்லாம் உண்மதான், ஆனா ஈரமும் வெறுங்காலும் பெட் இருந்தப்பவும் இருந்துது. பெட்டும் போனப்பதான் எல்லாம் ஒண்ணு சேர்ந்துது. ஒரே பொருள ரெண்டு வேலைக்கு வச்சுட்டு, நடுவுல ஒரு டைம் டேபிள நம்புனோம், டைம் டேபிள் வேன் லேட் ஆனதும் போச்சு. அப்புறம், ஸ்டார்ட்டுக்கு ஒரு ஆள், ஃபினிஷ்க்கு ஆள், டைமுக்கு ஆள், ரிசல்ட்டுக்கு ஆள்னு போட்டோம், லைனுக்கு அங்கிட்டு உள்ள 13 மீட்டருக்கு ஆள் போடல. ஃபினிஷ் ஜட்ஜ் கண்ணு லைன்ல இருக்கும், அவர் அங்கிட்டு பாக்க முடியாது. நான் பெட் போறதப் பாத்தும் ரேஸ நிறுத்தாததுக்கு காரணம் தைரியம் இல்லாதது இல்ல, அது என் வேலையா இல்லையான்னு எனக்கே தெரியாததுதான். திசை விஷயத்துல விருந்தினர் நாற்காலிய வச்சு முடிவு எடுத்தது இன்னொண்ணு, அத நான் இப்ப நினைச்சாலும் மனசு சரியில்ல.

அடுத்த வருஷம்

மறுபடி வைக்கணுமான்னு பெரிய பேச்சு வந்துது, வைக்கிறதுன்னு முடிவாச்சு. அதே ஹால். ஓட்டம் ஷட்டரப் பாத்து, மழை பேஞ்சு ஷட்டரத் தூக்க முடியலன்னா ஓட்டமே கிடையாது, ஹைஜம்ப்பும் பிராட் ஜம்ப்பும் மட்டும்னு அழைப்புலயே எழுதிட்டோம். ஹைஜம்ப் பெட் ஹைஜம்ப்புக்கு மட்டும். வெறுங்கால் ஓட்டம் இல்ல, ஷூ இல்லாத பிள்ளைங்களுக்கு அளவு பாத்து பதினாலு ஜோடி பழைய ஷூ சேத்து வச்சிருந்தோம். பெற்றோர் ஓரமா கயித்துக்குப் பின்னால. பிள்ளைங்க ஃபைனல் மொதல்ல, பசங்க பிறகு. ஒரு நாள் இன்சூரன்ஸ் பத்தி விசாரிச்சு எடுத்தோம்.

போர்ட்டிகோல ஒருத்தர வெள்ளைக் கொடியும் சிவப்புக் கொடியுமா நிறுத்துனோம், அவருக்கு வேற வேலையே கிடையாது. அவர் வெள்ளைய தூக்குனாத்தான் ஸ்டார்டர் "செட்" சொல்லணும், கமிட்டில யாரு சொன்னாலும் இத மாத்த முடியாது. அந்தப் பொறுப்புக்கு போன வருஷம் எங்கிட்ட சண்டைக்கு வந்த அதே அக்காவக் கேட்டோம், ஒத்துக்கிட்டாங்க.

அன்னிக்கு மொத்தம் மூணு தடவ சிவப்பு தூக்குனாங்க. ஒரு தடவ தண்ணி கேன் கொண்டு வந்த வண்டி போர்ட்டிகோல ஏறிட்டு. ஒரு தடவ மிதியடி ஒண்ணு சுருண்டு கெடந்துது. மூணாவது பசங்க ஃபைனல்ல, எல்லாரும் "ஆன் யுவர் மார்க்ஸ்"ல குனிஞ்சாச்சு, ஒரு சின்னப் பிள்ள கைல பிஸ்கட் பாக்கெட்டோட ஷட்டர் வாசல்ல வந்து உக்காந்துட்டு. ஸ்டார்டர் பசங்கள எழுந்து நிக்கச் சொன்னாரு. அக்கா போயி பிள்ளையத் தூக்கி அவங்க அம்மாகிட்ட கொடுத்துட்டு, கீழ சிந்துன பிஸ்கட் தூள கால வச்சு ஒதுக்கிட்டு, தன் எடத்துக்கு நடந்து வந்து நின்னு, ஒரு தடவ முழுசா பாத்துட்டு வெள்ளைக் கொடியத் தூக்குனாங்க.